பதினொரு நிமிஷ வைத்தியம்

ஸ்திரீகளுக்கு வரும் சில வியாதிகளைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினால் முகம் சுளிப்பவர்கள் இன்னமும் நம்மிடையே இருக்கிறார்கள். "நாலு பேர் படிக்கும் குடும்பப் பத்திரிகையில் இதெல்லாம் எதற்கு?" என்பது அவர்களுடைய கேள்வி. அவர்களுக்கு நாம் தரக்கூடிய பதில் ஒரு கணக்குத்தான். 2022-ஆம் வருஷத்தில் இந்தியாவில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கண்ட பெண்கள் ஏறக்குறைய 1,27,000 பேர் என்றும், அதனால் மாண்டவர்கள் ஏறக்குறைய 80,000 பேர் என்றும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. நாள் ஒன்றுக்கு இருநூறு பேருக்கு மேல் ஆகிறது. நாலு பஸ் நிறையத் தாய்மார்கள் தினந்தோறும் ஆற்றோடு போகிறார்கள் என்றால் நாம் வாயை மூடிக்கொண்டிருப்போமா?

இதில் வயிற்றெரிச்சலான சங்கதி என்னவென்றால், புற்றுநோய்களுக்குள்ளே இவ்வளவு நிதானமாக வருவது வேறு அதிகம் இல்லை. கர்ப்பப்பையின் அடிப்பாகம் குறுகிக் கழுத்துப்போல் இறங்கி வந்து முடியும் இடந்தான் கர்ப்பப்பை வாய். அந்த இடத்துத் தோலில் உள்ள உயிரணுக்கள் முதலில் சற்று ஒழுங்கு தவறி வளரத் தொடங்குகின்றன. அப்போது வலி கிடையாது. உதிரப் போக்குக் கிடையாது. வெளியே தெரியும்படியான அடையாளம் ஒன்றுமே கிடையாது. இந்த ஒழுங்கீனம் மெல்ல மெல்ல முற்றிப் புற்றாக மாறுவதற்குப் பெரும்பாலும் பத்து, பதினைந்து வருஷங்கள் ஆகின்றன. அத்தனை வருஷமும் நமக்கு இயற்கை கொடுத்திருக்கும் தவணை. அந்தத் தவணைக்குள் கண்டுபிடித்துவிட்டால் கத்தி வேண்டியதில்லை. மயக்க மருந்து வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுத்திருக்க வேண்டியதுமில்லை. குளிர் ஒன்றே போதும். அந்தக் குளிர் வைத்தியத்தைப் பற்றித்தான் இங்கே எழுதப் புகுந்திருக்கிறோம்.

அதற்கு முன் ஒரு வீண் பழியைத் துடைத்துவிட வேண்டும். இந்நோய்க்கு மூலகாரணம் பாப்பிலோமா என்ற வைரஸ் கிருமி. இதைக் கண்டு சொன்ன ஜெர்மானியப் பேராசிரியர் ஹரால்டு ஸுர் ஹௌஸனுக்கு 2008-ல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. அக்கிருமி தாம்பத்திய உறவின் வழியாகப் பரவுகிறது. இதைக் கேட்டவுடனே, "அப்படியானால் வந்தவளுடைய நடத்தை..." என்று இழுப்பவர்கள் உண்டு. அது அறியாமை; அதோடு கொடுமையுங்கூட. உலகத்தில் இல்லறம் நடத்தும் ஆண் பெண் இருபாலாரிலும் மிகப் பெரும்பான்மையோரை இந்தக் கிருமி எப்போதாவது ஒரு முறை தொட்டுவிட்டுத்தான் போகிறது. ஒருவனையே கைப்பிடித்து ஒருவனுக்கே சோறு பரிமாறிய பதிவிரதைக்கும் அது வரும். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டொரு வருஷத்தில் தானாகவே மறைந்தும் போகும். மறையாமல் தங்கிவிடும் சிலரிடந்தான் மேலே சொன்ன ஒழுங்கீனம் தொடங்குகிறது. ஆகவே ஜலதோஷம் வந்தவளை நாம் எப்படி விசாரிப்போமோ அப்படித்தான் இவளையும் விசாரிக்க வேண்டும்.

வியாதியைக் கண்டுபிடிக்கும் முறைகளில் ஒன்று நம் அடுக்களையோடு சம்பந்தமுடையது. ஊறுகாய்க்கு உபயோகிக்கும் வினிகரில் உள்ள புளிப்புச் சத்து அசிடிக் அமிலம். நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு அந்த அமிலம் கலந்த நீரைப் பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவிவிட்டு, ஒரு நிமிஷம் பொறுத்து, நல்ல விளக்கு வெளிச்சத்தில் நர்ஸ் பார்க்கிறாள். ஒழுங்கு தவறிய இடம் இருந்தால் அது மட்டும் வெள்ளையாகப் பூத்துத் தெரியும். அவ்வளவுதான் பரிசோதனை. கண்ணால் பார்ப்பது ஆகையால் இதில் தவறுவதும் உண்டு. ஒன்றுமில்லாத வெள்ளையைக் கண்டு பயப்படுவதும், உள்ளதைக் காணாமல் விடுவதும் நேரக்கூடும். அதனால் வைரஸ் கிருமியையே நேராகத் தேடிப் பார்க்கும் பரிசோதனையைத்தான் உலக சுகாதார ஸ்தாபனம் 2021 முதல் சிறந்ததாகச் சொல்லுகிறது. அதற்கு வேண்டியதைப் பெண் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்துவிடலாம் என்பது கூச்சமுள்ள நம் சகோதரிகளுக்கு நல்ல செய்தி.

சரி, வெள்ளை கண்டாயிற்று. அப்புறம்?

குளிர் எப்படிக் கொல்லுகிறது

நமது தொட்டியத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது வெகு சுலபம். காவிரியின் வடகரையில் கண்ணுக்கெட்டிய வரையில் வாழைத் தோட்டங்களையே பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நன்றாயிருக்கும் வாழைப்பழம் ஒன்றைக் குளிர்ப் பெட்டியில் ஐஸ் கட்டும் அறைக்குள் ஒரு ராத்திரி வைத்துவிட்டு, காலையில் எடுத்து வெளியே வையுங்கள். உறைந்திருக்கும்போது கல்லைப் போல் இருக்கும். உருகினதும் கூழாகச் சரிந்துவிடும். காரணம் யாதெனில், பழத்தின் ஒவ்வோர் அணுவுக்குள்ளும் இருக்கும் நீர் ஐஸாக மாறும்போது, அதன் கூரிய துணுக்குகள் அணுவின் சுவரைக் கிழித்துவிடுகின்றன. உருகியபின் அந்த அணு மீண்டும் உயிர் பெறுவதில்லை. மனித உடலின் அணுக்களுக்கும் இதே கதிதான். அதோடு, அவ்விடத்துக்கு உணவு கொண்டுவரும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் அடைபட்டுப் போகின்றன. ஒரு தடவை உறைந்து உருகியதை மறுபடியும் உறைய வைத்தால் அழிவு பூர்த்தியாகிறது.

வேண்டிய குளிர் எங்கிருந்து வருகிறது? சோடா பாட்டிலில் அடைக்கிறார்களே, அதே கரியமில வாயுதான். அல்லது மயக்க மருந்தாகப் பயன்படும் நைட்ரஸ் ஆக்ஸைடு. இரும்பு சிலிண்டரில் மிகுந்த அழுத்தத்தோடு அடைபட்டிருக்கும் வாயுவை ஒரு சிறு துவாரத்தின் வழியே திடீரென்று விரியவிட்டால் அது சில்லிட்டுப் போகும். ஜூல், தாம்ஸன் என்ற இரு விஞ்ஞானிகள் 1852 வாக்கில் ஆராய்ந்து சொன்ன தத்துவம் இது. பள்ளிக்கூடத்தில் இதைக் கற்கும் மாணவர்கள் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். ஒரு தாயின் உயிரை இது காப்பாற்றக் கூடும் என்று சேர்த்துச் சொன்னால் மறக்கமாட்டார்கள் என்பது நமது அபிப்பிராயம். கருவியின் முனையில் கரியமில வாயுவினால் பூஜ்யத்துக்குக் கீழே 68 டிகிரி வரையிலும், மற்றதினால் 89 டிகிரி வரையிலும் குளிர் உண்டாகிறது. அணுக்கள் மாள்வதற்குப் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியே போதுமானது.

குளிரால் கட்டிகளைத் தாக்கும் யோசனை புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஆர்னாட் என்ற வைத்தியர் ஐஸையும் உப்பையும் கலந்து, மார்பிலும் கர்ப்பப்பை வாயிலும் வந்த புற்றின் மேல் வைத்து வலியைத் தணித்திருக்கிறார். அதே காலத்தில் சென்னைக் கடற்கரையிலும் ஐஸ் இருந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த அந்த ஐஸைச் சேமிக்க 1842-ல் கட்டிய கட்டடந்தான் ஐஸ் ஹவுஸ். பின்னால் 1897-ல் சுவாமி விவேகானந்தர் தங்கிய புண்ணியத்தால் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. ஆனால் அந்த நாளில் அங்கிருந்த ஐஸ் முக்கியமாக வெள்ளைக்காரத் துரைமார்களின் பானங்களைக் குளிர்விக்கவே பயன்பட்டது. நம் பெண்களுக்குக் குளிரால் பயன் கிடைக்க இன்னும் நூற்றைம்பது வருஷம் செல்ல வேண்டியிருந்தது.

இனி சிகிச்சையைச் சொல்லுவோம். பெண் படுத்துக்கொள்கிறாள். காசளவுள்ள உலோக முனை ஒன்றைக் கர்ப்பப்பை வாயில் நோயுள்ள இடம் முழுவதும் மூடும்படி வைத்து வாயுவைத் திறக்கிறார்கள். மூன்று நிமிஷத்தில் அந்த இடம் வெண்பனிக் கட்டியாக உறைகிறது. ஐந்து நிமிஷம் உருகவிடுகிறார்கள். திரும்பவும் மூன்று நிமிஷம் உறைய வைக்கிறார்கள். மொத்தம் பதினொரு நிமிஷம். குளிர் ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர் ஆழம் இறங்குகிறது. நோய் சாதாரணமாக அதற்குமேல் இறங்கியிருப்பதில்லை. மாதவிடாய்க் காலத்தில் வருவதைப் போன்ற வயிற்று வலி சற்று இருக்கும். சிலருக்குத் தலை கிறுகிறுக்கும். சிறிது நேரம் படுத்திருந்தால் சரியாகிவிடும். பிறகு அவள் எழுந்து நடந்தே வீட்டுக்குப் போகலாம்.

வீட்டுக்குப் போனபின் நடப்பதை முன்னதாகவே சொல்லி வைக்காவிட்டால் பெண் மிரண்டுபோவாள். இறந்த தோல் கழன்று, நாலு முதல் ஆறு வாரம் வரையில் நீராகக் கசிந்துகொண்டிருக்கும். அது வியாதியல்ல, புண் ஆறுவதன் அடையாளம். அந்த ஒரு மாத காலம் தம்பதிகள் விலகியிருத்தல் அவசியம். ஆகையினால் புருஷனுக்குத் தெரியாமல் இந்தச் சிகிச்சையைச் செய்துகொள்வது நடவாத காரியம். ஜுரமோ, துர்நாற்றமோ, கடுமையான வலியோ, அதிக உதிரமோ கண்டால் மாத்திரம் உடனே ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டும்.

அம்பிளிக்கையில் நடந்தது

இந்த வைத்தியம் கிராமத்துப் பெண்களுக்கு ஏற்றதுதானா, பெரிய டாக்டர்கள் இல்லாமல் நர்ஸுகளே செய்ய முடியுமா என்ற சந்தேகம் உலகமெங்கும் இருந்தது. அதைத் தீர்ப்பதில் பெரும் பங்கு நம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. தொட்டியத்திலிருந்து கரூர் வழியாகத் தெற்கே போனால் திண்டுக்கல் ஜில்லாவில் காய்கறிச் சந்தைக்குப் பேர்போன ஒட்டன்சத்திரம் வரும். அதற்கு அருகில் அம்பிளிக்கை என்று ஒரு கிராமம். அங்குள்ள கிறிஸ்டியன் பெலோஷிப் சமூக சுகாதார நிலையமும், சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியும், பிரான்ஸ் தேசத்து லியோன் நகரிலுள்ள சர்வதேச ஸ்தாபனமும் ஒன்றுகூடி 2000-ஆம் வருஷத்தில் இந்த வேலையைத் தொடங்கின. அடையாறு ஆஸ்பத்திரி, நம் அண்டைச் சீமையான புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-ல் தொடங்கிய அதே ஆஸ்பத்திரிதான்.

திண்டுக்கல் ஜில்லாவில் 114 பஞ்சாயத்துக்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் 57 பஞ்சாயத்துக்களை ஒரு பக்கமும் 57-ஐ மற்றொரு பக்கமும் பிரித்தார்கள். முதல் பக்கத்தில் முப்பது வயதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட 49,311 பெண்கள். அவர்களை வினிகர்ப் பரிசோதனைக்கு அழைத்ததில் 31,343 பேர் வந்தார்கள். கூலி வேலைக்குப் போகிற, கூச்சமே ஆபரணமாக வளர்ந்த கிராமத்துப் பெண்களில் நூற்றுக்கு 63 பேருக்கு மேல் வந்தார்கள் என்பதைப் படிக்கும்போது, 'நம் ஜனங்கள் வரமாட்டார்கள்' என்று சொல்லித் திரிபவர்களின் வாய் அடைத்துப் போகிறது. வந்தவர்களில் 3,088 பேருக்குச் சந்தேகமான அடையாளம் இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது, சிறு துணுக்குச் சதை எடுப்பது, பிறகு குளிர்ச் சிகிச்சை செய்வது ஆகிய எல்லாவற்றையும் பயிற்சி பெற்ற நர்ஸுகளே செய்தார்கள். அதிலும் முக்கியமானது, தகுதியானவர்களுக்குக் கண்ட அன்றைக்கே சிகிச்சை தருவதாகச் சொன்னதுதான். நாலில் மூன்று பங்குப் பெண்கள் அதற்குச் சம்மதித்தார்கள்.

முடிவுகள் 2007-ல் வெளிவந்தன. ஏழு வருஷத்தில், பரிசோதனை நடந்த கிராமங்களில் வருஷத்துக்கு லட்சம் பெண்களுக்கு 75 பேர் வீதம் புற்றுநோய் கண்டது. நடவாத கிராமங்களில் 99 பேர் வீதம் கண்டது. மரணம் முதல் பக்கத்தில் 40 வீதம், மறுபக்கத்தில் 57 வீதம். வயது முதலிய வித்தியாசங்களைச் சரிக்கட்டிப் பார்த்தபோது, நோய் நூற்றுக்கு 25 பங்கும் சாவு 35 பங்கும் குறைந்திருந்தன. முப்பதிலிருந்து நாற்பது வயதுக்குள் இருந்த தாய்மார்களிடம் சாவு மூன்றில் ஒரு பங்காகவே இறங்கிவிட்டது. வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போகும் குழந்தைகள் இருக்கும் வயது அல்லவா அது?

மறுபக்கத்துக் கிராமங்களை நினைத்தால் மனம் சங்கடப்படாமல் இல்லை. அங்கே 30,958 பெண்கள். அவர்களுக்கு அந்த வருஷங்களில் பரிசோதனை கிடையாது. 92 பேர் மாண்டார்கள். இந்தியாவில் இவ்வாறு நடந்த சோதனைகளைப் பற்றிக் கண்டனக் குரல்கள் எழுந்து, வைத்திய தர்மத்தை ஆராயும் நம் நாட்டுப் பத்திரிகையிலேயே விவாதம் நடந்தது. அந்த நாளில் இந்தியக் கிராமங்கள் எதிலுமே இத்தகைய பரிசோதனை இல்லை, ஆகையால் அவர்களிடமிருந்து ஒன்றும் பறிக்கப்படவில்லை என்பது ஆராய்ச்சியாளரின் சமாதானம். சமாதானம் சரிதான்; ஆனாலும் அந்த 92 பேருக்கு நாடு கடன்பட்டிருக்கிறது என்றே நாம் கருதுகிறோம்.

குளிர்ச் சிகிச்சையின் பலனையும் உள்ளபடி சொல்லிவிட வேண்டும். அம்பிளிக்கையில் சிகிச்சை பெற்று ஒரு வருஷம் கழித்துத் திரும்பப் பார்க்கப்பட்டவர்கள் 1,026 பேர். ஆரம்ப நிலையில் இருந்த 924 பேரில் 752 பேருக்கு நோய் மறைந்திருந்தது. அதற்கு அடுத்த நிலையில் 77 பேரில் 55 பேரும், முற்றும் தறுவாயில் இருந்த 25 பேரில் 17 பேரும் குணமடைந்திருந்தார்கள். ஆரம்ப நிலையிலுள்ளவை பல சமயம் தாமாகவே மறையக்கூடியவை. ஆகையால் அந்த 752 முழுவதையும் குளிரின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவாகவே சில்லறைத் தொந்தரவுகள் ஏற்பட்டன. குணமாகாதவர்கள் இருப்பதனால்தான் ஒரு வருஷம் கழித்துத் திரும்பப் பார்ப்பதை அவ்வளவு வற்புறுத்துகிறார்கள்.

எல்லாருக்கும் இந்த வைத்தியம் ஏற்றதும் அல்ல. நோயுள்ள இடம் கர்ப்பப்பை வாயின் முக்கால் பங்குக்கு மேல் பரவியிருந்தாலும், உள்வழியில் ஏறிக் கண்ணுக்கு மறைந்திருந்தாலும் வேறு சிகிச்சைதான் வேண்டும். அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகளுக்குப் பிரசவம் ஆகும் வரை இதைச் செய்வதில்லை. புற்றாகவே மாறிவிட்டது என்ற சந்தேகம் இருந்தால் குளிர்முனையைத் தொடவே கூடாது.

அனுப்பிய சீட்டு

அம்பிளிக்கை நமக்குக் கற்றுக் கொடுத்ததில் பெரியது, 'கண்ட அன்றைக்கே சிகிச்சை' என்ற ஏற்பாடுதான் என்று நாம் நினைக்கிறோம். ஏன் என்றால், வழக்கமான முறையில் பெண்கள் நழுவிப் போகும் இடம் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் நடுவிலேதான். தமிழ்நாட்டு அரசாங்கம் 2007-க்குப் பிறகு தஞ்சாவூர், தேனி ஜில்லாக்களில் முதலில் தொடங்கி, பின்னர் மற்ற ஜில்லாக்களிலும் வினிகர்ப் பரிசோதனையைப் பரப்பியது மெச்சத்தக்கது. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, இந்தியாவில் முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட எப்போதும் இந்தப் பரிசோதனை செய்துகொண்டதில்லை; தமிழ்நாட்டில் ஏறக்குறைய பத்துப் பேர். தேசத்திலேயே முதல் ஸ்தானம் நமக்கு! பத்துக்கு முதல் பரிசு வாங்கும் வகுப்பைப் பற்றி உபாத்தியாயர் பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா?

ஒரு பெண்ணைப் பரிசோதித்து, வெள்ளை கண்டு, "திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத் தொட்டியத்து வாசகர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐம்பது அறுபது கிலோமீட்டர் பஸ் பிரயாணம். வாழைக்கட்டுச் சுமக்கிறவளுக்கு ஒரு நாள் கூலி போயிற்று. துணைக்கு வருகிறவருக்கும் கூலி போயிற்று. வலியோ நோவோ ஒன்றும் இல்லை. "என்னடியம்மா, நன்றாயிருக்கிற உடம்பைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் காட்டுவானேன்? ஏதாவது சொல்லிக் கிளப்பிவிடப் போகிறார்கள்" என்கிறாள் மாமியார். "பங்குனியில் காளியம்மன் திருவிழா முடியட்டும், பார்க்கலாம்" என்கிறான் புருஷன். திருவிழா முடிகிறது, வாழைத்தார் வெட்டு வருகிறது, பிள்ளைக்குப் பரீட்சை வருகிறது. சீட்டு அரிசிப் பானைக்குள் மடிந்து கிடக்கிறது. பத்து வருஷத் தவணை இப்படித்தான் கழிகிறது. யாரும் கெட்ட எண்ணத்தோடு அவளைத் தடுக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து நாளைக்கு என்றார்கள், அவ்வளவுதான்.

ஆதலால் சிகிச்சை பெண்ணைத் தேடி வருவதே முறை. குளிர்க் கருவிக்கு மின்சாரம் வேண்டாம் என்பது அதன் பெரிய வசதி. ஆனால் வாயு சிலிண்டர் மகா கனம், அடிக்கடி நிரப்பவும் வேண்டும். பாதிச் சிகிச்சையில் வாயு தீர்ந்துவிட்டால் குளிர் போதாது. இக்காரணத்தினால் இப்போது பல இடங்களில் குளிருக்குப் பதிலாகச் சூடு வந்துகொண்டிருக்கிறது. கையடக்கமான கருவி, பாட்டரியில் ஓடும், முனையை 100 டிகிரிக்குச் சூடாக்கி ஒரு நிமிஷத்துக்குள் வேலையை முடித்துவிடுகிறார்கள். 2019-ல் உலக சுகாதார ஸ்தாபனமும் இதை ஒப்புக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், ஜெர்மனியில் முதன்முதல் இவ்வகைக் கருவியைச் செய்தவர் அதற்கு வைத்த பெயரில் 'குளிர்' என்ற சொல்தான் இருந்தது! மின்சாரத்தால் சுட்டுப் பொசுக்கும் பழைய முறையோடு ஒப்பிட்டால் 100 டிகிரி குளிர்ச்சிதான் என்பது அவர் எண்ணம் போலும். குளிரோ சூடோ, கண்ட அன்றைக்கே கிடைக்கிறதா என்பதே கேள்வி.

பெண் குழந்தைகளுக்கு இக்கிருமி தொற்றாமல் தடுக்கும் ஊசி இருக்கிறது. 2022-ல் புனா நகரத்து ஸீரம் ஸ்தாபனம் சுதேசியாகவே அதைத் தயாரித்துக் காட்டியது. அதைப் பற்றித் தனியாக எழுத உத்தேசம். ஆனால் இன்றைக்கு முப்பது வயதைத் தாண்டிய தாய்க்கு அந்த ஊசி பரிசோதனையின் இடத்தைப் பூர்த்தி செய்யாது.

முப்பது வயதான சகோதரிகள், மாதவிடாய் இல்லாத ஒரு நாளில், ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசாங்க ஆஸ்பத்திரியிலோ நர்ஸம்மாவிடம், "கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்ய வேண்டும்" என்று கேட்டால் போதும். காசு கேட்க மாட்டார்கள். வெள்ளை கண்டால், "உறைய வைக்கும் சிகிச்சையோ, சூட்டுச் சிகிச்சையோ இங்கே உண்டா, இல்லையென்றால் எங்கே, எந்தக் கிழமையில் போனால் ஒரே நாளில் முடியும்?" என்று கேட்டு அந்தக் கிழமையைச் சீட்டின் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். சீட்டைப் பானைக்குள் வைக்காமல், வீட்டுக்காரர் தினமும் சட்டை மாட்டும் ஆணியில் குத்திவைப்பது நல்லது.